முதல் காசு முள்ளுக்கு

பரணிலிருந்து இறக்கிய இசைத்தட்டுகளை மறுபடி கேட்க வேண்டும், கையில் இருப்பதோ அளவான பணம், என்ன வாங்கலாம் என்று கேட்பவருக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. கடைக்காரர் சூட்கேஸ் வடிவில் வரும் ஒரு பெட்டியைக் காட்டுவார். தட்டு சுழலும் மேடை, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம், விலையும் சகாயம். விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவரோ, லட்ச ரூபாய்க்குக் குறைந்து இதில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவுக்குள் ஒரு நல்ல செட் அமைத்துவிடலாம். பணத்தை எந்த வரிசையில் செலவிடுகிறோம் என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். முதலில் தட்டைத் தொடும் முள். அதற்கு ஒரு குறைந்தபட்சத் தரம் வைத்து, அதற்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. அந்த வரம்பை எட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு. நடுவில் உள்ள எதற்கும் தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இந்த வரிசைக்குக் காரணம் நம் வீடுகளில் இருக்கும் தட்டுகளின் நிலைமை. புதிதாக அச்சாகி வரும் மேல்நாட்டுத் தட்டு கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். எச்.எம்.வி., கொலம்பியா முத்திரையோடு கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சானவை, சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் தட்டுகள், எண்பதுகளில் இளையராஜாவின் படப்பாடல்களைக் கொண்டுவந்த எக்கோ தட்டுகள் போன்றவற்றில் பெரும்பாலானவை அன்று அச்சடித்ததோடு சரி. கேசட் வந்து தட்டுச் சந்தையைக் காலி செய்துவிட்டது. பிரபலமான பாட்டுகள் மட்டும் கேசட்டுக்கும் சி.டி.க்கும் தாவிப் பிழைத்துக்கொண்டன. நாதஸ்வரம், ஹரிகதை, நாடகம், திரைப்படக் கதை வசனம் என்று எத்தனையோ பதிவுகளுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கலாம். எனவே ஒரு கருவியை விலை பேசும்போது, அது எவ்வளவு நன்றாகப் பாடும் என்று கேட்பதற்கு முன்னால், தட்டை எவ்வளவு கெடுக்காமல் விட்டுவைக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முள் செய்யும் வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தக் கவலையின் நியாயம் புரியும். எல்.பி. தட்டின் பள்ளம் தலைமுடியின் பருமனைவிடக் குறுகியது. அதில் ஓடும் வைர முள்ளின் முனை, சாதாரண உருண்டை வகையில், சுமார் 18 மைக்ரான் ஆரம் கொண்டது. 12 அங்குலத் தட்டின் வெளிவட்டத்தில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் முள்ளுக்கு அடியில் ஓடுகிறது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது விநாடிக்கு இருபது சென்டிமீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடும். அதே ஒலி அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் மட்டமான முள் திணறும். பாடகியின் 'ஸ'கரம் சீறலாக மாறுவது பெரும்பாலும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் என்பதைக் கவனித்துக் கேட்டவர்கள் அறிவார்கள். ஒரு பக்கம் முழுதும் ஓடி முடிக்கையில் முள் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரம் உரசியிருக்கும். வைரமும் தேயும். 500 முதல் 1000 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு ஒரு எல்.பி.யை இரண்டு பக்கமும் கேட்பவருக்கு அது இரண்டிலிருந்து நான்கு வருடம். தேய்ந்த முனை உருண்டையாக இருக்காது. இரு பக்கமும் தட்டையாகி, விளிம்பு கூராகி, உளி மாதிரி பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். அப்படிச் செதுக்கப்பட்டுப் போன நுண்ணொலியை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பாகம் காட்ரிட்ஜ். சூட்கேஸ் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் செராமிக் வகை. அது தரும் மின்னழுத்தம் அதிகம், அதை முன்கூட்டிப் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாமலே காரியம் நடந்துவிடும், விலை குறைவதன் ரகசியம் அதில் இருக்கிறது. பதிலுக்கு அது முள்ளின் மேல் கேட்கும் பாரம் ஐந்து, ஆறு கிராம். காந்த வகையில் ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.-வி.எம்.95இ காட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். அந்தக் காலத்து எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டிகளிலும் பாரமான முள்தானே இருந்தது, அதில் ஓடிய தட்டுகள் இன்றும் பாடுகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு தடவை ஓட்டியதும் தட்டு பாழாகிவிடும் என்று பயமுறுத்துவது மிகைதான். பாரம் மூன்று மடங்கானால் வினைலின் மேல் விழும் உச்ச அழுத்தமும் மூன்று மடங்காகிவிடாது, ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் ஏறும். ஆனால் அந்தப் பழைய தட்டுகளையே சாட்சிக்கு அழைப்போம். அதிகம் கரகரப்பது எந்தப் பாட்டு? வீட்டார் விரும்பித் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டு. விறைப்பான கம்பியில் பொருத்திய பாரமான முள், எப்போது தேய்ந்தது என்று யாருக்கும் தெரியாத முள், நூறு தடவை ஓடியதன் விளைவு அது. சூட்கேஸ் பெட்டியில் பாரத்தைக் குறைக்கத் திருகு ஏதும் கிடையாது. பலவற்றில் முள் வைரமா செயற்கை நீலக்கல்லா என்றுகூடப் போட்டிருக்காது. நீலக்கல் என்றால் அதன் ஆயுள் சில பத்து மணி நேரம்தான்.

பாரம் குறையக் குறைய நல்லது என்று நினைப்பதும் தப்பு. சொன்ன அளவுக்குக் கீழே போனால் முள் பள்ளத்தில் படியாமல் துள்ளும், துள்ளும் ஒவ்வொரு முறையும் சுவரில் மோதும். தயாரிப்பாளர் தரும் எல்லைக்குள் நடுவில் அல்லது சற்று மேலே வைப்பதே பத்திரம். இதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. முள்ளைத் தாங்கும் கையின் பின்னால் இருக்கும் உருளை எடையைத் திருகித் திருகி, கை மேலும் போகாமல் கீழும் இறங்காமல் அந்தரத்தில் மிதக்கும்படி செய்ய வேண்டும். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்து 2 வரை திருப்பினால் பாரம் 2 கிராம். சரிபார்க்கச் சின்ன டிஜிட்டல் தராசு மலிவாகவே விற்கிறார்கள். கை நடுங்கும் வயதினருக்கும், குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கும் இது சரிப்படாது என்றால், ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் போன்ற முழுத் தானியங்கி மாடல் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கை தானே போய் உட்காரும், பக்கம் முடிந்ததும் தானே எழுந்து திரும்பும். பாரத்தை மாற்ற முடியாது, ஆனால் அது மூன்று கிராமை ஒட்டியே இருக்கும், முள் வைரம், தேய்ந்தால் மாற்றலாம். நான் சொல்லும் வரம்பின் கடைசிப் படி இதுதான், இதற்குக் கீழே இறங்க வேண்டாம். 78 சுற்று அரக்குத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பள்ளம் பல மடங்கு அகலம், எல்.பி. முள் அடியில் விழுந்து குப்பையைத்தான் வாசிக்கும். வேகம் 78 இருக்கும் மேடையும் அதற்கென்றே உள்ள தடித்த முள்ளும் தனியாக வேண்டும்.

முள்ளுக்கு இவ்வளவு சொல்கிறவர் மேடைக்கும் தாராளமாகச் செலவிட வேண்டாமா என்று கேட்பார்கள். தொடக்கத்தில் இழந்ததைப் பின்னால் எதனாலும் ஈடுகட்ட முடியாது என்பது ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் எழுபதுகளிலிருந்து எல்.பி.12 மேடைக்காக வாதாடிய கட்சி. கொள்கையளவில் மறுக்க முடியாது. ஆனால் எளிய மேடை எவ்வளவு இழக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். நம் சங்கீதம் இதற்கு நல்ல உரைகல், நிறுத்தாமல் ஒலிக்கும் தம்புராவில் வேகத்தின் சிறு தள்ளாட்டமும் காதில் விழுந்துவிடும். இன்று கிடைக்கும் ஓரளவு விலையுள்ள மேடைகளில் அந்தத் தள்ளாட்டம் கால் சதவீதத்துக்குள் இருக்கிறது. தட்டின் நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலோ, 1.8 விநாடிக்கு ஒருமுறை சுருதி ஒரு சதவீதம் மேலும் கீழும் ஆடும், அதாவது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. விலகிய துளையுள்ள பழைய தட்டை எத்தனை லட்ச ரூபாய் மேடையும் நேராக்காது. அமெரிக்காவில் எட்கர் வில்சூர் 1961இல் நூறு டாலருக்கும் குறைந்த விலையில் பெல்ட் போட்ட எளிய ஏ.ஆர். மேடையைக் கொண்டுவந்து, சீராகச் சுழல்வதற்கும் அதிர்வைத் தடுப்பதற்கும் பெரிய செலவு தேவையில்லை என்று அன்றே காட்டிவிட்டார். பெல்ட்டா, நேரடி மோட்டாரா என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. இரண்டும் நன்றாகச் செய்தால் நன்றாக இருக்கும்.

ஒரு பொறி மட்டும் உண்டு, மேல்நாட்டிலிருந்து வரும் பழைய சரக்கை மலிவு என்று வாங்குபவர்கள் அதில் விழுகிறார்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுழலும் பழைய வகை மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 33⅓ சுற்று 28க்கும் கீழே இறங்கிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கும் சற்றுக் கீழே வந்துவிடுவார். டி.சி. மோட்டாரும் குவார்ட்ஸ் கட்டுப்பாடும் உள்ளவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாங்கும் முன் அடித்தட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட வேண்டும்.

நடுவில் வருபவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1954இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி தட்டில் அடிஸ்தாயியைக் குறைத்தும் மேல்ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கி, ஐந்து மில்லிவோல்ட் அளவிலுள்ள காந்தக் காட்ரிட்ஜின் ஒலியை நூறு மடங்கு பெருக்கித் தருவது ஃபோனோ ப்ரீஆம்ப். இது மேடைக்குள்ளேயே இருக்கலாம், தனிப் பெட்டியாக இருக்கலாம், ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்ற துளைக்குப் பின்னால் இருக்கலாம். ஏதோ ஓரிடத்தில் ஒன்று இருந்தால் போதும். ஒன்றுமே இல்லாமல் இணைத்தால் சத்தம் சன்னமாக, சதையில்லாமல் கேட்கும். இரண்டு இருந்தால் கிழியும். எழுபது எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வந்திறங்கிய அகாய், சான்சுயி ஆம்ப்ளிஃபயர் உறவினர் வீட்டில் சும்மா கிடந்தால் கேட்டு வாங்குங்கள். அநேகமாக ஃபோனோ துளை இருக்கும், காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றித் தர சென்னையின் ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1978இல் வந்த நாட் 3020 வெறும் இருபது வாட்டில், குறைந்த விலையில் உலகப் பெயர் எடுத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அந்த இருபது வாட்டே தாராளம். தடித்த கேபிளுக்குக் காசைக் கொட்ட வேண்டியதே இல்லை.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்திய ஸ்பீக்கர் ஜோடி வாங்கினால் செலவு இன்னும் குறையும். அவற்றில் சில ஒலியை டிஜிட்டலாக்கித்தான் கையாளும், அப்புறம் தட்டு எதற்கு என்று தூயவாதிகள் கோபிப்பார்கள். வினைலில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி நடைமுறையில் 60, 70 டெசிபெல். சி.டி. அளவிலான டிஜிட்டல் 96 டெசிபெல்லைத் தாங்கும். சிறியது பெரியதற்குள் அடங்கிவிடும், எதுவும் தொலையாது. தட்டு தொழில்நுட்பத்தில் உயர்ந்தது என்று நம்பி இதில் இறங்குபவர்கள்தான் முடிவில்லாமல் செலவழிக்கிறார்கள். தட்டில் இருக்கும் சங்கீதத்துக்காக இறங்குபவருக்குச் செலவின் எல்லை தெளிவாகத் தெரியும்.

ஸ்பீக்கர் விஷயம் வேறு. எளிய ஆம்ப்ளிஃபயர்கூட ஒரு டெசிபெல்லுக்குள் நேர்மையாக நடந்துகொள்ளும், ஸ்பீக்கர்கள் பல டெசிபெல் ஏறி இறங்கும், அறை அதை இன்னும் குலைக்கும். காது உணரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான். ஐந்து, ஆறரை அங்குலக் கோன் உள்ள நல்ல ஜோடி நம் கூடங்களுக்குப் போதும். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் மிருதங்கத்தின் தொப்பியைக் குழப்பும், வலந்தலையைக் கணீரென்று அடிக்கும். ஒரு ஜமுக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி ஆகியவை செய்யும் நன்மையை இன்னொரு பத்தாயிரம் ரூபாய் செய்யாது. மேடை இருக்கும் மேசையில் ஸ்பீக்கரை வைக்கக் கூடாது. அதிர்வு முள்ளுக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி ஊளையிடும். எழுபதுகளின் பிற்பகுதி வரை தமிழ்த் திரைத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அவற்றைக் கேட்கும்போது அழுத்திவையுங்கள். பள்ளத்தில் முள் மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் இரண்டு பக்கமும் எதிரெதிராகி அடங்கிவிடும். பைசா செலவில்லாமல் கிடைக்கும் சுத்தம் இது.

எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி கடைசியில் வரும். கிடைப்பவற்றுக்கு அது சரியான பதில், அவற்றைப் போனிலேயே கேளுங்கள். கிடைக்காதவற்றுக்கு உங்கள் தட்டு மட்டும்தான் வழி. அதை ஒரே தடவை கணினியில் ஏற்றிவிட்டு உறையில் வைத்துவிடப் போகிறேன் என்பவருக்கு நல்ல முள் இன்னும் அவசியம், ஏனென்றால் அந்த ஒரு தடவை கேட்பதே இனி நிரந்தரப் பிரதி. ஆகவே தட்டு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பெட்டியைத் துடைத்துத் தட்டை மாட்டுவதற்கு முன்னால் அதன் முள்ளைக் கழற்றிப் பாருங்கள், வயது தெரியாத முள் என்றால் ஓட்டாதீர்கள். புது முள் வாங்கிப் போட்ட பிறகு கேளுங்கள்.