பெட்ரோலா, பேட்டரியா? பீச்ட்ரீ சிட்டியைக் கேளுங்க!

ப்ளஸ் டூ பசங்க ஸ்கூலுக்கு எதுல போவாங்க? சைக்கிள், டவுன் பஸ், அப்பாவோட பைக் பின்சீட்... இதானே உங்க பதில்? அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலம் பக்கம் ஒரு விசிட் அடிச்சா பதிலை மாத்திக்குவீங்க. அட்லாண்டாவுக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கும் பீச்ட்ரீ சிட்டியில், மெக்கின்டாஷ் ஹைஸ்கூல் மாணவர்கள் பலர் வந்து இறங்குவது கோல்ஃப் கார்ட்டில்! அதுக்குன்னே தனி பார்க்கிங்கும் உண்டு.

1959-ல் உருவான ஊர் இது. மக்கள்தொகை 40 ஆயிரத்துக்குள்தான். ஆனால், கோல்ஃப் கார்ட்கள் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேல். அதுக்காகவே 160 கி.மீ. நீளத்துக்குத் தனிப் பாதை போட்டிருக்காங்க. ஏரிக்கரை ஓரமா, பைன் மரங்களுக்கு நடுவே, வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஹைவே குறுக்கிட்டால் அடியில் சுரங்கம், இல்லைன்னா மேலே பாலம். 15 வயசில் கையில் எல்.எல்.ஆர். இருந்தா தனியாவே ஓட்டலாம். செம இல்ல?

அங்கே படிக்கவோ, வேலைக்கோ போறவங்க வண்டி வாங்கக் கிளம்பினதும் மாட்டிக்கிற கேள்வி ஒண்ணுதான்... 'கேஸா, எலெக்ட்ரிக்கா?' கேஸ்னு சொன்னதும் சிலிண்டரை நினைச்சுக்காதீங்க பாஸ். அமெரிக்காக்காரங்க பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்றாங்க.

முதலில் பெட்ரோல் கட்சி. டேங்கை நிரப்பினா நாள் முழுக்கக் கவலை இல்லை. தீர்ந்தாலும் அஞ்சே நிமிஷத்தில் ரெடி. மேடு, பாரம், நீண்ட தூரம் எதுக்கும் அசராது. பெடலை மிதிச்சா என்ஜின் ஸ்டார்ட் ஆகும், காலை எடுத்தா நின்னுடும். ஆனா ஆயில் மாத்தணும், ஏர் ஃபில்டர், பெல்ட், ஸ்பார்க் ப்ளக்னு அடிக்கடி கவனிக்கணும். சத்தமும் புகையும் இலவச இணைப்பு! கதவை மூடின கராஜுக்குள் ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

அடுத்து எலெக்ட்ரிக். ராத்திரி ப்ளக்கில் சொருகிட்டுத் தூங்கினா காலையில் ஃபுல். சத்தம் இல்லை, மிதிச்ச நொடியே இழுக்கும். சிக்கல் முழுக்க பேட்டரியில்தான். பழைய மாடல் ஈய-அமில பேட்டரிக்கு அப்பப்போ டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். அடிக்கடி சுத்தமா காலியாகும் வரை ஓட்டினா ஆயுசு குறையும். சுமார் 5 வருஷத்தில் மொத்த செட்டையும் மாத்தற செலவு காத்திருக்கும். லித்தியத்தில் தண்ணி ஊத்தற வேலை இல்லை. எடையும் கம்மி, ரொம்ப நாள் உழைக்கும். ஆனா வாங்கும்போதே பர்ஸ் இளைச்சிடும்.

செகண்ட் ஹேண்டில் எலெக்ட்ரிக் வாங்கறீங்களா? பளபள பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. சீட்டைத் தூக்கி, பேட்டரி மேலே இருக்கும் தயாரிப்புத் தேதிக் குறியீட்டைப் பாருங்க. 'சல்லிசா கிடைச்சுது' என்று வாங்கின வண்டி, ரெண்டு மாசத்தில் புது பேட்டரி கேட்டா மொத்த பட்ஜெட்டும் காலி!

சரி, தீர்ப்பு? மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கீங்க, கீழே ப்ளக் பாயின்ட் இல்லைன்னா, பெட்ரோல்தான் உங்களுக்குத் தோது. வண்டி நிறுத்தற இடத்தில் ப்ளக் இருக்கு, ஸ்கூல், லைப்ரரி, கடைன்னு தினம் சில கிலோமீட்டர்தான் ஓட்டம்னா, கண்ணை மூடிக்கிட்டு எலெக்ட்ரிக்.

ஈ-ஸீ-கோ கம்பெனி 1954-ல் தொடங்கினது இதே ஜார்ஜியாவில் உள்ள அகஸ்டாவில்தான். யமஹா கோல்ஃப் கார்ட் தயாராகும் நியூனன், பீச்ட்ரீ சிட்டிக்குப் பக்கத்து ஊர். அதனால ரெண்டு வகையும் தாராளமா கிடைக்கும்.

ஒண்ணு மட்டும் யோசிங்க. அந்தப் பாதை வண்டிகளுக்கு மட்டும் சொந்தம் இல்லை. வாக்கிங் போற தாத்தா, சைக்கிள் பழகற வாண்டு எல்லாருக்கும் அதே பாதைதான். காலையில் 6 மணிக்கு நீங்க கடந்து போறது இன்னொருத்தரோட படுக்கையறை ஜன்னல். உங்க பர்ஸுக்கு எது தோதுன்னு கணக்குப் போடும்போது, அவங்க தூக்கத்தையும் ஒரு வரியா சேர்த்துக்குங்க ஃப்ரெண்ட்ஸ்!