மேட்டையும் தாழ்த்துவோம்

தெருவுக்குப் புதுச்சாலை வருகிறதென்றால் மகிழாதார் யார்? ஆயினும், செங்கற்பட்டில் நாம் குடியிருக்கும் தெருவில் தார் உருகும் மணம் எழுந்தாலே சில வீட்டார்க்குக் கலக்கம் பிறக்கிறது. முன்பெல்லாம் தெருவிலிருந்து மூன்று படி ஏறியே நம் இல்லத்தினுள் நுழைவோம். பழைய தாரின்மேல் புதிய தார் படியப் படியத் தெரு உயர்ந்தது; இன்று ஒரு படி இறங்கி உள்ளே செல்கிறோம். வசதியுள்ளோர் வாசலை உயர்த்திக் கட்டிக்கொண்டனர். இயலாத எளியோர் வீடுகளிலோ ஐப்பசி, கார்த்திகை மழைநீர் அடுப்படிவரை புகுகின்றது.

தார்ச்சாலைக்குப் பெரும்பகை நீரே. விரிசல் வழியே இறங்கும் நீர் கல்லுக்கும் தாருக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்தும்; மேலே வண்டிகள் அழுத்த, பள்ளம் விழும். அப்பள்ளத்தின் ஓரங்களை நேராக வெட்டி, புழுதியும் ஈரமும் போக்கி, தார் தெளித்து, சூடான கலவையை இட்டு, உருளையால் அழுத்துவதே முறையான செப்பம். தெரு முழுவதையும் புதுப்பிப்பதாயின், பழைய மேற்பரப்பை இயந்திரத்தால் சுரண்டி எடுத்த பின்னரே புதியதை இடவேண்டும். அவ்வாறு செய்தால் தெருவின் மட்டம் உயராது. சுரண்டிய கலவையும் மீண்டும் பயன்படும். 2021-ஆம் ஆண்டில், அந்நாளில் தமிழகத்தின் தலைமைச் செயலாளராயிருந்த திரு. வெ. இறையன்பு அவர்கள், இம்முறையையே கைக்கொள்ளுமாறு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார்.

சாலையின் குறையை முதலில் உணர்வோர் எளியவரே. ஆகஸ்டு இறுதியில், மாமல்லபுரத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளைக் கேளுங்கள். வண்டியில் விரைவோர் காணாத பள்ளத்தை அவர்தம் பாதங்கள் அறியும்.

நம் நாட்டில் அடைமழையும் திருவருகைக் காலமும் சேர்ந்தே வருகின்றன. ஆண்டவருக்கு வழியமைக்க அறைகூவிய ஸ்நாபக அருளப்பர், பள்ளத்தை நிரப்புவதோடு மேட்டைத் தாழ்த்துவதையும் நினைவூட்டினார். முன்னதை நாம் விரும்புகிறோம், பின்னதை மறக்கிறோம். உடன்பிறந்தாரோடு ஆண்டுக்கணக்கில் உறைந்துபோன மனத்தாங்கலைக் களையாமல், அதன்மீதே திருநாள் புத்தாடையைப் போர்த்துவதும் சுரண்டாமல் போட்ட சாலைதான். நல்ல பாவசங்கீர்த்தனம் பழையதை முதலில் அகற்றும்.

அடுத்த முறை நம் தெருவுக்குச் சாலை வரும்போது, உருளை வந்து சேருமுன்பே அன்பியத்தார் ஒன்றுகூடி உரிய அலுவலகத்தில் கேட்போம்: பழையதைச் சுரண்டி எடுப்பீர்களா? நம் வாசல் உயரமாயிருந்தாலும் கேட்போம். தெருவின் மட்டத்தை, அதன் கடைக்கோடியில் தாழ்ந்திருக்கும் வீட்டிலிருந்து அளப்பதே பிறரன்பு.