லயனல் வென்ட் கண்ட இலங்கை

கமரா என்பது மணவீட்டுக்கும் மரண வீட்டுக்கும் வேண்டிய கருவி என்ற அளவிலேயே நம்மவருட் பலர் அதனை மதிப்பர். அக்கருவியால் இந்நாட்டின் முகத்தை எழுதிவைத்த ஒருவரை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

1900ஆம் ஆண்டிற் பிறந்த லயனல் வென்ட், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மைந்தர்; தந்தைவழியிற் பறங்கியர், தாய்வழியிற் சிங்களவர். இலண்டனிற் சட்டமும் பியானோவும் ஒருங்கு கற்றுப் பரிஸ்டராய் மீண்டவர், சட்டத்தைக் கைவிட்டு இசையிலே தோய்ந்தார். (நம்மூர்ப் பெற்றோர் என் சொல்லியிருப்பரோ!) பின்னர் 1930களிற் கமரா அவரை முற்றாக ஆட்கொண்டது. 1934இல் பசில் றைற் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் ஆவணப்படத்தில் ஒலிக்குங் குரலும் அவருடையதே. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை நூலின் பகுதிகளை அதில் அவர் வாசிக்கின்றார்.

மீனவர், கிராமத்து மாந்தர், கண்டி நடனக்காரர், பழம் இடிபாடுகள் எனப் பலவற்றையும் அவர் படமாக்கினார். இருட்டறையிற் படம் உருப்பெறும் வேளையிற் சிறிது ஒளிபாய்ச்சி, ஒளியும் நிழலும் இடம்மாறச் செய்யும் நுட்பமும் அவருக்குக் கைவந்தது. ஆயினும் அத்தகைய வித்தைகளினும் வெறும் முகங்களே என்னைக் கவர்வன. கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணரவைக்குஞ் சங்கப் புலவர் நெறி அவற்றிலே தோன்றும். உழைத்த தோளைக் காட்டுவார். உழைப்பைப் பற்றி ஒன்றும் உரையார்.

1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியரைக் கூட்டி ‘43 குழு’வைத் தோற்றுவித்தவர், மறு ஆண்டே தம் 44ஆம் வயதிற் காலமானார். ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ என்னும் படநூல் 1950இல் இலண்டனில் வெளிவந்தது. அதனை அவர் காணவில்லை. அவர் மறைவின்பின் நெகற்றிவ்களும் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சிட்ட படிகளே.

இவ்விழப்பின் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. போரில் இடம்பெயர்ந்தோர் உடுத்த உடையோடு சென்றனர். 2004இன் ஆழிப்பேரலை பருத்தித்துறைக் கரையோர வீடுகளின் படங்களையும் வாரிச் சென்றது. தப்பியவற்றுள்ளும் பல பெயரற்றுக் கிடக்கின்றன. ஆகவே பழைய மாணவர்காள், உங்கள் வீட்டிலுள்ள கல்லூரிப் படங்களின் பின்புறத்தே பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதி, ஒரு படியேனும் நமக்கு அனுப்புங்கள். மண்டபத்துத் துடுப்பாட்டக் குழுப் படத்தின் பின்வரிசையில் நால்வர் நிற்கின்றனர். எண்பது கடந்த பழைய மாணவர் ஒருவர் சென்ற தவணை மூவரின் பெயரைச் சொல்லித் தந்தார். நான்காமவர் யாரென்பது அவருக்கும் நினைவில்லை.