பதினொரு சுற்று, ஒரு விசா

கையில் சிறிய அட்டை. அதில் 1 முதல் 108 வரை எண்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பேனாவால் ஒரு கோடு. ஹைதராபாத்துக்கு மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், உஸ்மான் சாகர் ஏரியை ஒட்டியுள்ள சில்கூர் கிராமத்தின் பாலாஜி கோவிலில் தினமும் காணக்கூடிய காட்சி இது. வேண்டுதலுக்கு 11 சுற்று. நிறைவேறினால் நன்றிக்கு 108. உண்டியல் கிடையாது. சிறப்புத் தரிசன டிக்கெட்டும் கிடையாது. அமைச்சரானாலும் மாணவரானாலும் ஒரே வரிசைதான்.

வேண்டுதல்கள் பலவிதம். ஆனால் இந்தக் கோவிலுக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது ஒன்றுதான்: விசா. கம்ப்யூட்டர் படித்த ஆந்திர இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கிளம்பிய காலத்தில் பெருமாளுக்கு 'விசா பாலாஜி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. சென்னைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு அருகே பழவந்தாங்கலில் அவர்களுக்கும் ஒரு விசா கணபதி இருக்கிறார்.

இதில் சென்னைக்கு இன்னொரு பங்கும் உண்டு. ஹைதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது 2008இல்தான். அதுவரை அந்நகரவாசிகள் அமெரிக்க விசாவுக்காக இரவு ரயிலில் சென்னைக்கு வந்து, ஜெமினி மேம்பாலத்தின் அருகே உள்ள தூதரகத்தின் முன் வரிசையில் நின்றார்கள். சில்கூரில் 11 சுற்று, சென்னையில் நேர்காணல் என்பதே பலருடைய பயணத் திட்டமாக இருந்தது. பேகம்பேட்டை பைகா அரண்மனையில் தொடங்கிய ஹைதராபாத் தூதரகம், 2023 மார்ச்சில் நானக்ராம்குடாவில் 34 கோடி டாலர் செலவில் கட்டிய புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. சில்கூருக்கான தூரமும் குறைந்துவிட்டது.

படிப்புக்கும் வேலைக்கும் போகிறவர்கள்தான் இன்றும் அதிகம். ஆனால் அவர்களோடு வேறொரு ரகமும் சேர்ந்திருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம், ஏதேனும் ஓர் அயல்நாட்டு நகரம், துணைக்கு யாரும் இல்லை. மாதவாடகை அறையில் தங்கி ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் இளைஞர்கள், பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கல்யாணம் வேண்டாமென்று இருப்பவர்கள் எனப் பலரும் இப்படிக் கிளம்ப நினைக்கிறார்கள். வீட்டில் முதல் கேள்வி, "தனியாகவா?" விசா அதிகாரி மனதில் எழும் கேள்வியும் ஏறத்தாழ அதுதான்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு இந்தக் கேள்வியை எழுத்திலேயே வைத்திருக்கிறது. சுற்றுலா விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருகிறார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரரின் பொறுப்பு. குடும்பஸ்தருக்கு மனைவி, மக்கள், வீட்டுக்கடன் எல்லாம் சாட்சி. திருமணமாகாத, முதல்முறை போகிற, தனியாகக் கிளம்புகிற ஒருவருக்கு வேலையும் அதன் விடுப்புக் கடிதமும்தான் சாட்சி. ஊரில் 'பொறுப்பில்லாதவர்' என்று பெயர் வாங்கித் தந்த சுதந்திரம், தூதரக ஜன்னலிலும் கேள்விக்குறியாகிவிடுகிறது.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவில் பெரும்பாலும் பேச்சைவிடக் காகிதம் முக்கியம். 29 நாடுகளுக்கு ஒரே விசா. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும். சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். எனவே டிசம்பரில் கிளம்ப நினைப்பவருக்கு ஜூனிலேயே கதவு திறந்துவிடுகிறது. தீபாவளிப் பட்டாசு ஓய்ந்த பிறகு யோசிக்கத் தொடங்குபவர் நேரம் குறிக்கக்கூட இடமில்லாமல் தவிப்பார்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் மனு. நாட்கள் சமமென்றால் முதலில் கால் வைக்கும் நாடு. திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்கு 3 மாத ஆயுள் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. காரணம் எழுத்தில் வரும், மேல்முறையீட்டுக்கு வழியும் உண்டு. லண்டனுக்கு இந்த விசா செல்லாது. பிரிட்டனுக்குத் தனி மனு, தனிக் கட்டணம். வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் கவிழ்வது பெரும்பாலும் வங்கிக் கணக்கில். மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கடைசி வாரத்தில் கணக்கில் போடும் இரண்டு லட்சத்தை அதிகாரிகள் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள். அதைவிட அபாயம் 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் ஏஜெண்ட். போலிச் சம்பளச் சீட்டு பிடிபட்டால் ஏஜெண்டுக்கு நஷ்டமில்லை. அமெரிக்கச் சட்டப்படி பொய் ஆவணம் கொடுத்தவருக்கு அந்நாட்டின் கதவு ஆயுள் முழுக்க மூடிக்கொள்ளலாம். பெருமாளைச் சுற்றினால் கால் வலிக்கும், அவ்வளவுதான். ஏஜெண்டைச் சுற்றினால் கைப்பணம் மட்டுமல்ல, எதிர்காலப் பயணமும் போய்விடும்.

வெளிநாட்டுப் பயணம் ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. நிஜாமின் திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் 1876இல் ஒரு பரிவாரத்தோடு ஐரோப்பா போனார். பாரிஸ் ஓட்டலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். உடன் ஆட்கள் இருந்ததால் லண்டன் பயணம் தடைப்படவில்லை. தனியே போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. காப்பீட்டுத் தாள்தான் அவருக்குப் பரிவாரம். அதே பயணத்தில் ரோமில் அவர் வாங்கிய, பென்சோனி செதுக்கிய 'முக்காடிட்ட ரெபெக்கா' பளிங்குச் சிலை இன்றும் மூசி நதிக்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் கூட்டத்தை இழுக்கிறது.

அவருக்கு 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 1895இல், இதே நகரிலிருந்து 16 வயதுப் பெண் ஒருத்தி இங்கிலாந்து போனாள். 12 வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேறியவள். கையில் நிஜாம் அரசின் உதவித்தொகை. லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கர்ட்டனிலும் படித்தாள். உடல்நலம் ஒத்துழைக்காமல் 1898இல் திரும்பினாள். அவள்தான் பின்னாளில் சரோஜினி நாயுடு. அபிட்ஸ் பகுதியில் அவருடைய 'கோல்டன் த்ரெஷோல்ட்' வீடு இன்னும் இருக்கிறது. பெண் பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் ஒருமுறை அந்த வாசலைப் பார்த்துவிட்டு வரலாம்.

தனியே போக நினைப்பவர்கள் விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஹைதராபாத்திலேயே ஒத்திகை பார்க்கலாம். துணையில்லாமல் ஒரு முழு நாள் அருங்காட்சியகத்தில் கழியுங்கள். சாலார் ஜங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய். விடுமுறை நாள் பார்க்கும் பழக்கம் இங்கேயே வரட்டும். கோல்கொண்டா கோட்டையில் ஏறி இறங்கினால் முட்டியின் நிலவரம் தெரியும். இரானி ஓட்டலில் ஒரே ஆளாக உட்கார்ந்து சாயா குடிக்கக் கூச்சமாக இருந்தால் வியன்னாவில் மட்டும் கூச்சம் போய்விடாது.

குளிர் விஷயத்தில் மட்டும் ஹைதராபாத் ஒத்திகைக்கு உதவாது. இங்கே டிசம்பர் விடியலில் 14, 15 டிகிரிக்கே காதில் மஃப்ளர் ஏறிவிடுகிறது. ஐரோப்பாவில் உறைநிலை சர்வசாதாரணம். ஜனவரி, பிப்ரவரியில் கிளம்புபவர்கள் நாம்பள்ளிப் பொருட்காட்சியில் காஷ்மீர்க் கடைகளைப் பார்க்கலாம். 1938இல் தொடங்கிய இந்த 'நுமாயிஷ்' ஆண்டுதோறும் ஜனவரி 1இல் திறப்பது வழக்கம். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகளும், தண்ணீர் புகாத காலணியும் மேல்.

குளிரைவிட இருட்டு அதிகம் படுத்தும். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும். எனவே பகலில் போய் இறங்கும் விமானமும், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அறையும் தனி ஆளுக்கு அவசியம். கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் பாதாள ரயிலும் பஸ்ஸும் ஓடாது. ஓட்டல்கள் பலவும் மூடியிருக்கும். முதல் நாளே ரொட்டி வாங்கி வைக்காதவர் பட்டினி கிடக்க நேரும். சுற்றுலா நிறுவனங்கள் விளம்பரத்தில் போடும் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனி ஆளுக்கு அதற்கு மேல் ஒரு தொகை உண்டு. முன்பணம் கட்டும் முன் கேட்டுவிடுவது நல்லது.

2008 மார்ச் முதல் இயங்கும் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு நகரிலிருந்து 'புஷ்பக்' பஸ்கள் போகின்றன. ராமாயணத்துப் புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் ஓர் இடம் மிச்சமிருக்கும் என்பார்கள். இந்தப் பஸ்ஸில் மகனை வழியனுப்ப ஒரு குடும்பமே ஏறுவது சகஜம். சீட்டு ஒன்று, பெட்டி ஒன்று என்று ஏறும் பயணியைச் சுற்றியிருப்பவர்கள் சற்று உற்றுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கையில் விசா இருக்கிறது. திரும்பி வர டிக்கெட்டும் இருக்கிறது.