அம்பரப்பர் மலையடியில்

தேனியினின்று போடிநாயக்கனூர் வழியாகத் தேவாரம் செல்லும் பேருந்தில் மேற்குப்புறச் சாளரத்தருகே அமர்ந்தால், மலைத்தொடர் வழிநெடுக நம்முடனேயே வரும். கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் இருபோக நெல்லும் திராட்சைப் பந்தல்களுமே நம் நினைவில் எழும். 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணை கட்டப்பட்டபின் ஆற்றோரம் வந்து சேர்ந்த வளம் அது. பொட்டிபுரத்து மலையடிவாரமோ வானம் பார்த்த பூமி. இங்கே ஆடுமாடுகளே பலருக்கும் கைமுதல்.

மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைக் கண்டதும், "மலைக்குள்ள யுரேனியம் வெட்டப் போறாகளாமே, நெசந்தானா அய்யா?" என்று வினவினார்.

"யுரேனியம் இல்லை, பெரியவரே, நியூட்ரினோ" என்றேன். அவர் முகத்தில் ஐயம் தெளியவில்லை.

நியூட்ரினோ என்பது கதிரவனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஓயாது வந்துகொண்டிருக்கும் நுண்துகள். நம் உடலை ஒவ்வொரு நொடியும் கோடானுகோடியாய்த் துளைத்துச் செல்கிறது; தீங்கேதும் செய்வதில்லை. பிற கதிர்களைத் தடுத்து அதனை மட்டும் கண்டறிய, தலைக்குமேல் ஒரு கிலோமீட்டர் கனத்தில் பாறை வேண்டும். நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் 1965-இலேயே இத்துகள்கள் கண்டறியப்பட்டன. அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் குகைவழி வெட்டி, ஐம்பதாயிரம் டன் காந்தமேற்றிய இரும்பை நிறுவுவது திட்டம். நீலகிரியின் சிங்காரா புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் மறுக்கப்பட்டது. பின்னரே இம்மலை தேர்வாயிற்று. 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

ஆகவே கதிரியக்க அச்சத்துக்கு இடமில்லை என்றே கருதுகிறேன். ஆனால் முதியவரின் கேள்விக்குள் மற்றொரு கேள்வி இருந்தது: மலையை வெடிவைத்துக் குடையுமுன் யாரைக் கேட்டார்கள்?

அனுமதி வந்த வழியைப் பாருங்கள். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, 2011-இல் தந்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் கடுமையான 'ஏ' வகைப் பரிசீலனை வேண்டும் என்பதும், ஆய்வறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை என்பதும் காரணங்கள். மறு ஆண்டு மார்ச்சிலேயே மத்திய அமைச்சகம் இதனைத் தனிநேர்வாகக் கொண்டு, கட்டட வேலைகளுக்குரிய 'பி' வகையில் சேர்த்து அனுமதியளித்தது. அவ்வகைக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை! மலையைக் குடைவது வீடு கட்டுவதாயிற்று. 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அதனை ஏற்றது. எனினும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தது.

உண்மையாகவே யுரேனியம் வெட்டும் இடத்தில் நிலை என்ன? ஜார்கண்டின் ஜாதுகோடாவில் 1967 முதல் வெட்டுகிறார்கள். கழிவுக்குட்டைகளின் அருகே வாழும் பழங்குடியினர் தங்கள் நோய்களைச் சொல்லி முறையிட்டுவந்தனர். கதிரியக்கத் தீங்கு குறித்த பொதுநல வழக்கை 2004-இல் உச்ச நீதிமன்றம், அணுசக்தி ஆணையத் தலைவரின் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்றுத் தள்ளுபடி செய்தது. தோண்டுவதும் அரசின் அணுசக்தித் துறை, தீங்கில்லை எனச் சான்று கூறுவதும் அதே துறை. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணு கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்களித்துவிட்டது. மேகாலயத்தில் மட்டும் காசி மக்களின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பின், யுரேனியக் கழகத்துக்கு நிலம் அளிக்கும் முடிவை மாநில அரசு 2016-இல் விலக்கிக்கொண்டது.

இவற்றில் சிலவற்றை முதியவரிடம் இயன்றவரை எளிதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தீங்கில்லேன்னா அதை எங்க ஊர்ச் சாவடியில வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு வேலியோரம் ஒதுங்கிவிட்ட குட்டியொன்றை அழைத்துவர எழுந்து போனார்.