சொங்க்ரான் நாளில் பட்டுப்புடவை

ஏப்ரல் 13 முதல் 15 வரை பாங்காக்கில் சட்டை நனையாமல் வீடு திரும்புவது நடக்காத காரியம். சுற்றுப்பயணிகளுக்கு அது கொண்டாட்டம். வாடகை கட்டிக் குடியிருப்பவர்களுக்கோ முதல் கவலை சோறு!

மிகையில்லை. கணவரின் வேலைக்காக நாங்கள் அங்கே இருந்தபோது, எங்கள் ‘சொய்’, அதாவது சந்து, 12ஆம் தேதியே காலியாகிவிடும். பப்பாளிக்காயை உரலில் இடித்து ‘சோம் தாம்’ செய்து தரும் அக்கா, கொண்டோ ஜாகா, சந்து முனையில் ஆரஞ்சு மேலங்கியோடு நிற்கும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் எனப் பலரும் வடகிழக்கே இசான் பக்கம் கிளம்பிவிடுவார்கள். நோன்புப் பெருநாளுக்குக் கோலாலம்பூர் காலியாகுமே, அப்படி. நாங்கள் செவன் இலெவன் ரொட்டியிலும் மெகி மீயிலும் நாளை ஓட்டுவோம்.

அடுத்த சிக்கல் நமக்கே உரியது. சொங்க்ரான் என்பது சங்கராந்திதான். சூரியன் மேஷத்தில் நுழைவதை ஒட்டிய புத்தாண்டு. ஆகவே சித்திரை முதல் நாளும் இதற்குள்ளேயே வந்துவிடும். நம் மாரியம்மன் கோயில் இருப்பதோ சீலோம் சாலையில். தண்ணீர்த் துப்பாக்கிகளின் போர்க்களமும் அதே சாலைதான். பட்டுப்புடவையோடு சாலா டேங் நிலையத்தில் இறங்கினால் புடவை கதி அதோகதி. சுராசாக்கில் இறங்கி, பான் சாலை வழியாக நடந்தால் தப்பிக்க வாய்ப்புண்டு. அங்கும் வாளியோடு பொடியன்கள் காத்திருப்பார்கள். கைகூப்பிக் கெஞ்சினால் சிலர் விடுவார்கள். சிலர் கும்பிட்டுவிட்டு ஊற்றுவார்கள்!

2023இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சொங்க்ரானைச் சேர்த்தது. அதன் பழைய முகம் துப்பாக்கி அல்ல. பெரியவர்களின் உள்ளங்கையில் நறுமண நீரை மெல்ல ஊற்றி ஆசி பெறுவது. எங்கள் கொண்டோவின் கீழ்த்தளத்தில், ஊருக்குப் போக முடியாத ஒரு பாட்டிக்கு நாங்கள் மல்லிகை நீர் ஊற்றினோம். அவர் தாய்மொழியில் நெடுநேரம் வாழ்த்தினார். எங்களுக்குப் பாதிதான் புரிந்தது.

இந்த விடுமுறைக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘ஆபத்தான ஏழு நாள்’. சாலை விபத்துப் பலிகளை அரசாங்கம் நாள்தோறும் அறிவிக்கும். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள். குடியும் வேகமும் காரணங்கள். வானொலியில் இத்தகைய எண்களை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த ஆண்டு கேட்க முடியவில்லை. பேருந்தில் இடம் கிடைக்காததால், சோம் தாம் அக்காவும் அவர் மகனும் 600 கிலோமீட்டருக்கு மேலுள்ள ஊபோனுக்கு மோட்டார் சைக்கிளிலேயே போயிருந்தார்கள்.

16, 17ஆம் தேதிகளில் வண்டி வரவில்லை. 18ஆம் தேதி காலை கீழே உரல் சத்தம் கேட்டது. ஓடினேன். முழங்கையில் கட்டோடு மகன் காய் சீவிக்கொண்டிருந்தான். அக்கா சிரித்தபடி வழக்கத்தைவிட இரண்டு மிளகாய் கூடுதலாகப் போட்டு இடித்தார். நான் தடுக்கவில்லை.