விரலுக்கு எட்டாத கெட்டி

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் செங்கோட்டைச் சாலையில் கேரளப் பதிவெண் வண்டிகள் பெருகிவிடும். கொல்லம், புனலூர் பக்கமிருந்து ஆரியங்காவுக் கணவாய் ஏறி, கோட்டைவாசல் தாண்டி, புளியரை எஸ் வளைவில் இறங்கிக் குற்றாலத்துக்கு வருகிறவை அவை. மதுரை, நெல்லை வண்டிகள் சமவெளியிலிருந்து வந்து சேரும். இவற்றில் சிலவற்றின் சொந்தக்காரர்களுக்கு அருவியைவிட மலைச்சாலைமேல்தான் ஆசை. டர்போ பெட்ரோல் இன்ஜின், அகல டயர், தரையோடு தாழ்ந்த உடல் என்று வண்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த வேக வண்டிகளுக்கு எந்தக் கெட்டியில் ஆயில் ஊற்றுவது என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க, பிரானூர் பார்டர் அருகே ஒரு பட்டறைக்குப் போனேன்.

பார்டரில் மர அறுவை மில்கள் அதிகம். ரம்பச் சத்தமும் மரத்தூளும் பட்டறைக்குள்ளும் வரும் என்பதால், ஆயில் கேன் திறந்திருக்கும் நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறார்கள். நடத்துகிறவர் அறுபது கடந்தவர். வட்டாரத்துக்கே அவர் அண்ணாச்சி. பெயர் போட வேண்டாம் என்றார். லாரிப் பட்டறையில் கைப்பையனாகச் சேர்ந்து, அம்பாசடரில் தொழில் படித்தவர். கூட இருக்கிற அக்கா மகன் ஐடிஐ முடித்துச் சென்னையில் கார் சர்வீசில் இருந்தவர். விடுமுறை நாட்களில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு குழுவுக்கு எடுபிடி வேலையும் செய்திருக்கிறார். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி முடித்து, பிறகு சொந்தமாகக் கட்டிய தடம் அது. மாமாவுக்குத் தெரிந்த இன்ஜின்கள் ஒரு காலம், மருமகனுக்குத் தெரிந்தவை இன்னொரு காலம். பட்டறை ஓடுவது இரண்டு பேரின் வாக்குவாதத்தில்தான்.

நான் போனபோது குழி மேல் நின்றது ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2017-ல் இந்தியாவுக்கு வந்த மாடல்: 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன். கொல்லத்துக்காரர் ஓட்டி வந்திருந்தார். “மலை ஏறுது ஆசானே, நல்லா சூடாகுது. கெட்டியா 20டபிள்யூ-50 போட்டுத் தாங்க” என்றார்.

அண்ணாச்சி பதில் சொல்லாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். “தினம் எவ்வளவு தூரம் ஓட்டுதீங்க? ஆயில் குறையுதா? ரீமேப் கீமேப் பண்ணிருக்கா? கடைசியா என்ன ஊத்துனாக, டப்பா இருக்கா?” மருமகன் அதற்குள் டாஷ்போர்டு அறையிலிருந்து கையேட்டை எடுத்து, ஆயில் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

கெட்டி ஆயில் என்றால் பலம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். தயங்காமல் சொன்னார்: “நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம்.” அம்பாசடர் காலத்து இன்ஜினில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இடைவெளி தாராளம். லட்சம் கிலோமீட்டர் ஓடினால் பிஸ்டன் வளையம் தேய்ந்து புகை கக்கும், டப்பெட் சத்தம் கேட்கும். அதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கும், புகை குறையும், வண்டிக்காரர் முகம் மலரும். சித்திரை வெயிலில் சங்கரன்கோவில் சாலையில் ஓடுகிற டாக்சிக்கு அதுதான் சரியான வைத்தியமும்கூட. அந்த இன்ஜின்களுக்கு அது உண்மை. ஆனால் இன்ஜின்கள் மாறிய பிறகும் அந்த வைத்தியம் நம் பழக்கத்தில் தங்கிவிட்டது.

இன்றைய டர்போ இன்ஜினில் கிராங்க் பேரிங் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். “பதினி வடிக்கிற பன்னாடையில கருப்பட்டிப் பாகை ஊத்துனா இறங்குமா?” என்றார் அண்ணாச்சி. ஆயில் பம்பு தள்ளத்தான் செய்யும். அழுத்தம் அளவு மீறியதும் ரிலீஃப் வால்வு திறந்து, மிச்ச ஆயிலை அடித்தொட்டியான சம்புக்கே திருப்பிவிடும். மீட்டரில் அழுத்தம் அழகாகத் தெரியும். பேரிங்குக்குப் போகிற அளவோ குறைந்திருக்கும். ஆயிலுக்கு உராய்வைக் குறைப்பதோடு சூட்டை அள்ளிக்கொண்டு போகிற வேலையும் உண்டு. ஓட்டம் குறைந்தால் அந்த வேலையும் குறையும். வால்வு டைமிங்கை மாற்றும் கருவி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இவையெல்லாம் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு மிதப்பதும் அதே ஆயிலில்தான். கெட்டி என்று நினைத்து ஊற்றியது இவற்றுக்கெல்லாம் தாமதமாக வந்து சேரும்.

பட்டறையில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது ஆயிலைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம். அண்ணாச்சி டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, விரல்களைப் பிரித்து நூல் இழுக்கிறதா என்று பார்ப்பார். இந்த ஊரில் எல்லா மெக்கானிக்கும் செய்வது இது. “மாமா, உங்க விரல் முப்பத்தஞ்சு டிகிரி. பேரிங் நூத்தம்பது” என்றார் மருமகன். இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கேனில் இருக்கும் எண்களை அப்படித்தான் படிக்க வேண்டும். அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு 1911-ல் ஆயில்களைக் கெட்டிவாரியாக வகுக்கத் தொடங்கியது. 5டபிள்யூ-30 என்பதில் முதல் பாதி, மைனஸ் 30 டிகிரிக் குளிரில் இன்ஜினைச் சுழற்றித் தொடங்க ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்ற சோதனை. குற்றாலத்தில் அந்தக் குளிர் எந்த மார்கழியிலும் வராது. ஆனாலும் காலையில் முதல் சாவி திருப்பும்போது, எண் சிறியதாக உள்ள ஆயில்தான் மேல்தட்டு வால்வுகளுக்குச் சீக்கிரம் ஏறும். இரண்டாம் பாதி 100 டிகிரிச் சூட்டில் அளந்தது. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்சுக்குள், 40 என்றால் 12.5-லிருந்து 16.3, 50 என்றால் 16.3-லிருந்து 21.9.

இப்போது விரலுக்கு வருவோம். 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30-ஐவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கெட்டி. 100 டிகிரியில் அந்த வித்தியாசம் ஒன்றரை மடங்கு சொச்சமாகச் சுருங்கிவிடும். பேரிங்குக்குள் 150 டிகிரியில், இரண்டு உலோகப் பரப்புகள் வேகமாக நசுக்கும்போது இன்னும் சுருங்கும். அந்த நசுக்கலில் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது: எச்டிஎச்எஸ். கேனின் முகப்பில் அந்த எண்ணை அச்சிடுவதில்லை. கம்பெனியின் தகவல் தாளில் தேட வேண்டும். வண்டிக் கம்பெனிகள் தருகிற தர எண்ணுக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஸ்கோடாவும் அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 502 00 என்ற தரம் எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையக் கூடாது என்கிறது. அந்தத் தரம் பெற்ற 5டபிள்யூ-30-உம் உண்டு, 5டபிள்யூ-40-உம் உண்டு. பேரிங்குக்குள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டி. அதே குழுமத்தின் 508 00 தரம் பெற்ற 0டபிள்யூ-20 இன்னும் மெல்லியது. அதற்கென்று வடிவமைத்த இன்ஜினுக்கு மட்டும். ஆகவே மருமகன் முதலில் தேடுவது தர எண்ணை. டபிள்யூ எண்ணெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“சூடாகுதுன்னு சொல்லுதாரே, எவ்வளவு சூடுன்னு பாத்துட்டு வந்துருவோம்” என்று அண்ணாச்சி சொல்ல, கொல்லத்துக்காரர் ஓட்ட, மருமகனும் நானும் ஏறிக்கொண்டோம். இந்த வண்டியின் திரையில் ஆயில் சூடு தனியாகத் தெரியும். செங்கோட்டை தாண்டிப் புளியரை வயல்களின் நடுவே போகையில் நூற்றுக்குக் கீழே நின்றது. எஸ் வளைவில் மரம் ஏற்றிய லாரிகளைத் தாண்ட ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த நூற்றைத் தாண்டியது. ஆரியங்காவை நெருங்கும்போது நூற்றுப் பத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. வெளியே சாரல், கண்ணாடியில் நீர் வழிகிறது. மருமகன் சொன்னார்: “ஊரு வெயிலு, ஊரு குளிரு ரெண்டும் ஆயிலுக்குத் தெரியாது அண்ணே. இன்ஜின் சூடு மட்டும்தான் தெரியும். இந்தச் சூட்டுக்கு 502 போட்ட 5டபிள்யூ-40 தாராளம்.”

எப்போது அதற்கு மேல் போக வேண்டும்? பந்தயத் தடத்தில் அரை மணி நேரம் விடாமல் விரட்டினால் ஆயில் 130-ஐத் தாண்டும். அங்கே கதை வேறு என்றார் மருமகன். ஃபோர்டு முஸ்டாங் நல்ல உதாரணம். 5 லிட்டர் வி8 இன்ஜின் உள்ள சாதாரண ஜிடி மாடலுக்குக் கம்பெனி சொன்னது 5டபிள்யூ-20. அதே குடும்ப இன்ஜினைத் தடத்துக்கென்று முறுக்கேற்றி 2012 மாடலாக விட்ட பாஸ் 302-க்குச் சொன்னது 5டபிள்யூ-50. கம்பெனி ஒன்று, இன்ஜின் குடும்பம் ஒன்று; ஓட்டுகிற இடம் கெட்டியை மாற்றிவிட்டது. மலைச்சாலையில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குவது பந்தயத் தடம் ஆகிவிடாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் இளைஞர்களுக்கு மனம் வருவதில்லை.

திரும்பி வந்து, சூடு ஆறுவதற்குள் ஆயிலை இறக்கினார்கள். அண்ணாச்சியின் விரல் மறுபடி வேலைக்கு வந்தது இங்கேதான். வெள்ளைத் தட்டில் இறங்கிய ஆயிலை முகர்ந்தார். விரலில் தேய்த்து நரநரப்பு இருக்கிறதா பார்த்தார். காந்தத்தைத் தட்டுக்குள் ஓட்டினார். பழைய ஃபில்டரின் தாளை மடிப்பு மடிப்பாக விரித்து, டார்ச் வெளிச்சத்தில் செப்பு மினுக்கம் தேடினார். பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் அங்கேதான் மினுங்கும். “பெட்ரோல் வாடை அடிக்குது மாப்ள” என்றார். மருமகன் முகர்ந்து தலையாட்டினார்.

இதற்குக் காரணம் மலை ஏறியது இல்லை, குற்றாலத்துக்குள் ஓட்டியது. கொல்லத்துக்காரர் லாட்ஜில் அறை எடுத்து, பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் நடுவே கொஞ்ச தூரமாக வண்டியை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இந்த இன்ஜின்களில், சூடேறுவதற்கு முன் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலக்கும். நல்ல சூட்டில் நீண்ட நேரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். சூடேறும் முன்பே அணைத்தால் தங்கும். 40 கிரேடு ஆயில் மெல்ல மெல்ல 30 ஆகும். சாரல் ஈரத்தில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிவதும் இப்படிச் சூடேறாமல் அணைப்பதால்தான். முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்களில் விளக்கெண்ணெய் ஊற்றியதற்கு ஒரு காரணம், அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பது. 1909-ல் பிறந்த காஸ்ட்ரால் என்ற பெயருக்குள் இருப்பதும் ஆமணக்குதான். இன்றைய ஆயில்களுக்கு அந்தக் குணம் இல்லாததால், கொல்லத்துக்காரருக்கு அண்ணாச்சி சொன்ன யோசனை கெட்டியைப் பற்றியது இல்லை: “குளிக்கப் போக ஆட்டோ புடிங்க. காரை மலைக்கு மட்டும் எடுங்க. ஆயிலைச் சீக்கிரம் மாத்துங்க. மலை ஏறி நின்ன உடனே அணைக்காதீங்க, ஒரு நிமிசம் ஓட விடுங்க.”

கெட்டி மட்டும் பார்த்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மருமகன் காட்டுவது நம் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டை. 2013-ல் வந்த அதன் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் நனைந்தபடி ஓடுகிறது. அதற்குச் சொன்னது 5டபிள்யூ-20, அதுவும் ஃபோர்டின் தனித் தர எண்ணோடு. வேறு ஆயில் போட்டால் ரப்பர் பொடிந்து, துகள்கள் சம்பின் வடிகட்டியை அடைத்து, ஆயில் அழுத்தமே போய்விடும். “பலமா இருக்கட்டும்னு ஊத்துறது பெல்ட்டைத் தின்னுரும்” என்றார்.

இறக்கிய ஆயில் பின்பக்கப் பேரலுக்குப் போகிறது. முன்பு சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிப் போவார்கள். அப்படிக் கொடுக்கக் கூடாது என்று இப்போது தெரியும் என்றார் அண்ணாச்சி. 2016 விதிகளின்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரலிலிருந்து அதைத் திரும்பச் சுத்திகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் மேலும் விழுந்திருக்கிறது. பக்கத்தில் சிற்றாறு ஓடுகிற ஊரில், பேரல் நிறைந்ததும் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுவதும் தொழிலில் சேர்த்திதான்.

கொல்லத்துக்காரருக்கு வந்த பில்லைப் பார்த்தேன்: 5டபிள்யூ-40 ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி. கூலி மிகச் சிறிய தொகை. இப்போது பலர் ஆயிலை ஆன்லைனில் வாங்கிக்கொண்டே வருகிறார்கள். கேனில் கிடைக்கும் லாபமும் போயிற்று. கேள்வி கேட்டது, மலை ஏறிப் பார்த்தது, முகர்ந்தது, ஃபில்டர் தாளை விரித்தது எதற்கும் பில்லில் வரி இல்லை. “ஊத்துறதுக்குக் காசு வாங்கலாம். ஊத்தாதீகன்னு சொல்லுறதுக்கு எப்பிடிங்க காசு கேக்க?” என்றார் அண்ணாச்சி என்னிடம். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை, ‘செக்கிங்’ என்று தனி வரி எழுதத் தொடங்கியிருக்கிறார். கேரளத்துக்காரர்கள் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். நம்மூர்க்காரர்கள் அதை அடிக்கச் சொல்கிறார்கள். ஆயில் எங்கேயும் கிடைக்கும். நம் இன்ஜினுக்கு எது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. பேரம் பேசியே ஆக வேண்டுமென்றால் வேறு வரியில் பேசலாம். அந்த ஒரு வரியை அடிக்கக் கூடாது.